சமயவியல் படிச்சா வக்கீல் ஆகலாமா? பாடத்தை விடுங்க... பட்டத்தில் யார் முத்திரைன்னு பாருங்க!

பி.ஏ. தத்துவம், பி.ஏ. அரபி, சமஸ்கிருதத்தில் சாஸ்திரி, இஸ்லாமியக் கல்வி, கிறிஸ்தவ இறையியல்... இப்படி ஏதோ ஒன்றைப் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இதைப் படிச்சுட்டு என்ன பண்ணப் போற?" அந்தப் பிள்ளை, "லா காலேஜ் போறேன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி ரெடியாக வரும். "அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. சட்டமும் தடுக்கவில்லை. ஆனால், சொந்தக்காரர்கள் யாரும் கேட்காத, உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? சமயக் கல்வி படித்த பல இளைஞர்களின் வக்கீல் கனவு உடைவது பாடத்தால் அல்ல, இந்தக் கேள்வியால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வக்கீல் ஆக இரண்டு வழிகள். ஒன்று, பிளஸ் 2 முடித்ததும் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. இன்னொன்று, ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டுச் சேரும் மூன்றாண்டு எல்எல்.பி.

இந்த இரண்டாவது வழியில், 'ஏதாவது ஒரு டிகிரி' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் எந்தப் பாடம் என்று பார்ப்பதில்லை. பி.காம். படித்தவரும், பி.எஸ்சி. படித்தவரும், சைவ சித்தாந்தம் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் மட்டும் வேண்டும். பொதுப் பிரிவுக்கு 45 சதவிகிதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. இது வாசலைத் தாண்டுவதற்கான மார்க்தான். சீட் கிடைப்பதற்கு அது போதாது.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் மூன்றாண்டு எல்எல்.பி-க்கு டிகிரியில் வாங்கிய மார்க்கை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். டெல்லி பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களில் நுழைவுத்தேர்வு உண்டு. இரண்டு முறையிலுமே 'சமயவியலா? அப்ப ஓரமா நில்லு' என்று சொல்லும் விதி கிடையாது.

அப்படியானால் பிரச்னை எங்கே இருக்கிறது?

ஒரே படிப்பு... ஒன்று செல்லும், ஒன்று செல்லாது!

யுஜிசி சட்டம், 1956-ன் 22-வது பிரிவில்தான் எல்லாம் இருக்கிறது. 'பட்டம்' என்ற ஒன்றைக் கொடுக்கும் உரிமை மூன்றே வகை நிறுவனங்களுக்குத்தான் என்கிறது அந்தப் பிரிவு. மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். இந்த மூன்றுக்கும் வெளியே யார் கொடுத்தாலும், தாளில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது பட்டம் இல்லை.

இப்போது இதைச் சமயக் கல்விக்குப் பொருத்திப் பாருங்கள்.

திருப்பதியில் உள்ள தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் சாஸ்திரி முடிக்கிறார். அது மத்தியப் பல்கலைக்கழகம். சாஸ்திரி என்பது இளநிலைப் பட்டம். அவர் எல்எல்.பி-க்கு விண்ணப்பிக்கலாம். அதே வேதத்தையும் சாஸ்திரத்தையும் ஒரு பாடசாலையில் எட்டு, பத்து வருடம் குருவிடம் உட்கார்ந்து படித்த இன்னொருவர்? அவருக்குப் பாடம் இன்னும் ஆழமாகக்கூடத் தெரிந்திருக்கலாம். ஆனால், விண்ணப்பத்தில் 'டிகிரி' என்ற கட்டத்தை அவரால் நிரப்ப முடியாது.

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. அஃப்சலுல் உலமா படித்தவருக்குச் சிக்கல் இல்லை. மதரஸாவில் ஆலிம் பட்டம் வாங்கியவருக்கு அந்த சனது மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் படித்தவருக்குச் சிக்கல் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராத ஒரு பைபிள் கல்லூரியில் பி.டி.ஹெச். வாங்கியவருக்குச் சிக்கல்தான். நடுவில், செராம்பூர் கல்லூரி மாதிரி தனி வரலாறு உள்ளவையும் இருக்கின்றன. 1827-ல் டென்மார்க் அரசரின் சாசனமும், பிறகு 1918-ல் தனிச் சட்டமும் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தன. எனவே எல்லா இறையியல் பட்டத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. அதேநேரம், 'எங்க சீனியர் ஒருத்தர் சேர்ந்தார்' என்ற வாய்வார்த்தையை நம்பியும் போய்விட முடியாது. சேரப்போகும் சட்டப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் பதில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

இது ஏதோ காகிதச் சிக்கல் என்று நினைத்தால், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 5-ல் கொடுத்த அஞ்சும் காத்ரி வழக்கின் தீர்ப்பைப் பாருங்கள். உத்தரப் பிரதேச மதரஸா கல்விச் சட்டம் செல்லும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. மதரஸா மாணவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், அதே தீர்ப்பு ஒரு கோடும் போட்டது. பட்டப்படிப்பு நிலையிலான காமில், முதுநிலையிலான ஃபாஸில் ஆகியவற்றை மதரஸா வாரியம் வழங்க முடியாது. அது யுஜிசி சட்டத்தோடு மோதுகிறது என்றது நீதிமன்றம். காமில் முடித்துவிட்டு அதையே டிகிரியாகக் காட்டி மேலே படிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

தீர்ப்பில் தவறு காண முடியாது. பட்டத்துக்கு ஒரு பொது அளவுகோல் வேண்டும்தான். ஆனால், அந்தப் படிப்பில் சேர்ந்தபோது மாணவர்களுக்கு இது தெரியுமா என்பதுதான் கேள்வி.

பிளஸ் 2 எங்கே?

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. இதில் விழுபவர்கள் பெரும்பாலும் இளம் வயதிலேயே குருமடத்துக்கோ, மதரஸாவுக்கோ, பாடசாலைக்கோ போனவர்கள்.

ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு சமயக் கல்விக்குப் போகிறார். அங்கே ஆறேழு வருடம். வெளியே வந்ததும் வயது கூடிவிட்டதே என்று, பிளஸ் 2 இல்லாமலே ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி முடிக்கிறார். முறையான பல்கலைக்கழகம், முறையான பட்டம், நல்ல மார்க். எல்எல்.பி-க்குப் போனால் 'தகுதி இல்லை'. ஏன்? அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைச் சட்டப் படிப்புக்கு ஏற்பதில்லை என்கிறது பார் கவுன்சில் விதி.

கவனிக்க: தொலைதூரக் கல்வியில் படித்ததே தப்பு என்று அர்த்தம் இல்லை. பத்து, பிளஸ் 2, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் வந்திருந்தால் தொலைதூரக் கல்விப் பட்டமும் செல்லும். வரிசை தப்பினால்தான் வம்பு.

சரி, சமயவியலுக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது சொந்தக்காரர்களின் கேள்விக்கு வருவோம். இந்திய நீதிமன்றங்கள் எழுபது வருடங்களாக 'எது சமயம், எது சமயம் இல்லை' என்ற கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அன்றைய மெட்ராஸ் மாகாணம்தான். 1954-ல் வந்த சிரூர் மடம் வழக்கு, மெட்ராஸ் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியின் மடாதிபதி ஒருவர் போட்டது. ஒரு சமயத்தின் அடிப்படையான அம்சம் எது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

அன்றிலிருந்து வழக்குகள் வரிசைகட்டி நிற்கின்றன. பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் பற்றிய 1972-ம் ஆண்டு சேஷம்மாள் வழக்கு. ஆகமப்படிதான் அர்ச்சகர் நியமனம் என்று வந்த 2015-ம் ஆண்டு ஆதி சைவ சிவாச்சாரியார்கள் வழக்கு. முத்தலாக்கை ரத்து செய்த 2017 ஷயரா பானு வழக்கு. ஐயப்ப பக்தர்கள் தனிச் சமயப் பிரிவா என்று கேட்ட 2018 சபரிமலை வழக்கு.

இந்த வழக்குகளில் வாதாட வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதுமா? சைவ ஆகமம் வேறு, வைணவத்தின் பாஞ்சராத்திரம் வேறு, வைகானசம் வேறு என்று தெரிய வேண்டாமா? ஷயரா பானு வழக்கில் நீதிபதி குரியன் ஜோசப், குர்ஆன் வசனங்களுக்குள்ளேயே போய்த்தான் தன் முடிவை எட்டினார். ஹிஜாப் வழக்கில் 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அப்துல்லா யூசுப் அலியின் குர்ஆன் மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் பெரிதும் நம்பியது. அந்த ஒரு நூலை மட்டும் நம்பலாமா, வேறு உரைகள் என்ன சொல்கின்றன என்று கேள்வி எழுப்ப, அதை முறையாகப் படித்தவர்தான் வேண்டும்.

அடுத்தது, படிக்கும் முறை. மூலம், அதற்கு உரை, உரைக்கு உரை என்று போவதுதான் எல்லாச் சமய மரபிலும் பாடம். சட்டத்திலும் அதேதான். சட்டப் பிரிவு மூலம், தீர்ப்பு உரை, பிந்தைய தீர்ப்பு உரைக்கு உரை. ஒரு ஹதீஸை யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று சங்கிலியைச் சோதித்துப் பழகியவருக்கு, செவிவழிச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மீமாம்சையின் பொருள்கோள் விதிகளை 2006-ல் இஸ்பத் இண்டஸ்ட்ரீஸ் என்ற சுங்கவரி வழக்கிலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எடுத்தாண்டிருக்கிறார். சுங்கவரிக்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வாக்கியத்துக்கு எப்படிப் பொருள் காண்பது என்பதுதான் சம்பந்தம்.

அமெரிக்காவில் இதை எண்ணிக்கையிலேயே பார்த்திருக்கிறார்கள். அங்கே சட்டப் படிப்பே டிகிரிக்குப் பிறகுதான். எந்தப் பாடம் படித்துவிட்டு வர வேண்டும் என்று அமெரிக்க பார் அசோசியேஷன் சிபாரிசு செய்வதில்லை. எல்சாட் என்ற தேர்வில் 120 முதல் 180 வரை மதிப்பெண். மைக்கேல் நீஸ்வியாடொமி என்ற பொருளாதாரப் பேராசிரியர், எந்தப் பாடம் படித்தவர்கள் அதில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று 2000-களின் இறுதியில் தொகுத்தார். தத்துவம் - இறையியல் மாணவர்களின் சராசரி 157.4. பொருளாதார மாணவர்களுக்குச் சமம். சட்டக் கல்லூரிக்கென்றே 'ப்ரீ லா' படித்தவர்களின் சராசரி 148.3தான். இதை வைத்து 'இறையியல் படிச்சா மார்க் வரும்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடினமான நூல்களைப் படிப்பதில் ஆர்வம் உள்ளவர்களே அந்தப் பாடத்துக்குப் போகிறார்கள் என்றும் சொல்லலாம். ஆனால், 'அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்ற கேள்விக்கு இது போதுமான பதில்.

'கோர்ட்டுக்குள்ள சாமியைக் கொண்டு வந்துடுவாங்களே?'

இப்படி ஒரு எதிர்வாதம் உண்டு. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. சபரிமலை வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இந்து மல்ஹோத்ரா, ஒரு நம்பிக்கையின் எந்த வழக்கம் அடிப்படையானது என்று அந்தச் சமயத்தினர்தான் சொல்ல வேண்டும், நீதிமன்றம் அல்ல என்றார். ஹிஜாப் வழக்கில் நீதிபதி சுதான்ஷு தூலியாவும், இறையியல் கேள்விகளைத் தீர்க்கும் இடம் நீதிமன்றம் இல்லை என்ற பக்கம்தான் நின்றார்.

இருக்கலாம். ஆனால், நீதிமன்றம் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொல்வதற்கும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டுமே! சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பாடமாகப் படிப்பது வேறு. முறையாகப் படித்தவருக்கு, ஒரே மரபுக்குள் எத்தனை கருத்து மோதல்கள் இருக்கின்றன என்று தெரியும். 'எங்க சமயத்துல இப்படித்தான்' என்று ஒரு தரப்பு ஒற்றை வரியில் அடித்துப் பேசும்போது, 'எந்த நூல்ல, எந்தக் காலத்துல, யாரோட உரையில?' என்று கேட்கக்கூடியவர் அவர்தான்.

அதற்காக மிகைப்படுத்தவும் வேண்டாம். ஒப்பந்தச் சட்டம், சிவில் நடைமுறை, வரி என்று வந்துவிட்டால் சமயவியல் மாணவரும் மற்றவர்கள் மாதிரி முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

* பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகமா என்று யுஜிசி தளத்தில் தேடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

* பத்து, பிளஸ் 2, டிகிரி என்ற வரிசை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் 2 இல்லையென்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு டிகிரியில் சேருங்கள்.

* குருமடத்திலோ மதரஸாவிலோ இருக்கும்போதே தொலைதூரக் கல்வியில் ஒரு பி.ஏ. சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். ஜாமியா மில்லியா, மௌலானா ஆசாத் உருதுப் பல்கலைக்கழகம் போன்றவை சில மதரஸாக்களின் சான்றிதழை பி.ஏ. சேர்க்கைக்கு ஏற்கின்றன. அங்கே பி.ஏ. முடித்தால் எல்எல்.பி. வழி திறக்கும்.

* எல்எல்.பி. முடித்தபின் மாநில பார் கவுன்சிலில் பதிவு. இதற்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு.

* சபையிலோ, பள்ளிவாசலிலோ, கோயிலிலோ முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். முழுநேரச் சம்பளப் பணியில் இருந்துகொண்டு வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சிலின் 49-வது விதி இடம் தருவதில்லை. பதிவு செய்யும் முன்பே இதைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

யார் சொல்ல வேண்டும்?

இவ்வளவும் மாணவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா? இங்கேதான் நியாயம் இடிக்கிறது.

சமயக் கல்வி நிலையங்களுக்கு வருபவர்களில் பலர் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்பதே பெரிய காரணமாக இருக்கும் வீடுகள் உண்டு. சேர்க்கும்போது அப்பாவுக்கு 'டிகிரி' என்ற சொல் மட்டும்தான் காதில் விழும். யுஜிசி, 22-வது பிரிவு எல்லாம் யார் சொல்லப் போகிறார்கள்? இருபத்து மூன்று வயதில் சட்டக் கல்லூரி கவுன்ட்டரில் 'இது செல்லாது தம்பி' என்று கேட்கும்போதுதான் தெரியவரும். அந்தப் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து மூன்று வருட பி.ஏ., அப்புறம் மூன்று வருட எல்எல்.பி. என்று போக வேண்டும். வீட்டில் அதற்குப் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

எல்லாச் சமயப் படிப்புக்கும் அரசு பட்ட அங்கீகாரம் கொடுக்க வேண்டும் என்று கேட்பது சரியல்ல. பாடத்திட்டத்தில் அரசு தலையிடாமல் இருப்பதையே பல நிறுவனங்கள் விரும்புகின்றன. அது அவர்கள் உரிமை. ஆனால், அந்தச் சுதந்திரத்தின் விலையை மாணவர் கட்டக் கூடாது. 'இந்தப் படிப்பு யுஜிசி சட்டப்படி பட்டம் அல்ல. இதை வைத்து எல்எல்.பி., அரசு வேலை போன்றவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது' என்று சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட என்ன செலவு ஆகும்? அதைக் கட்டாயமாக்க அரசுக்கு என்ன தயக்கம்? சட்டப் பல்கலைக்கழகமும் எந்தெந்தச் சமயப் பட்டங்களை ஏற்கிறது என்று ஒரு பட்டியலை வருடாவருடம் தளத்தில் போட்டுவிடலாம். விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு விடை தேடும் அவஸ்தை இருக்காது.

இனி யாராவது 'சமயவியல் படிச்சுட்டு வக்கீலா?' என்று சிரித்தால், சிரூர் மடத்தில் தொடங்கி ஹிஜாப் வரை சொல்லிப் பதில் கொடுக்கலாம். அது சுலபம். ஆனால், பதினாறு வயதில் பெட்டியோடு போய் விடுதியில் சேரும் பிள்ளைக்கு இன்று தேவை ஒரே ஒரு தகவல்: கடைசியில் கையில் கிடைக்கப்போகும் தாளில் யார் முத்திரை இருக்கும்? அதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். மீதி வழியை அந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.